பின்வரிசை முகம் மங்கினால் பிழை அப்பேச்சரிலயோ? 138 பேர் நிக்கிற குறூப் படம்

கோண்டாவில்_கிளிக் கேட்டது:

வணக்கம். பெரிய குறூப் படத்தில முன்வரிசை நல்லா இருக்க, பின்னால நிக்கிற ஆக்களின்ர முகம் மங்கிப்போகுது. ரெண்டு படத்தின்ர விபரம் தாறன், பிழை எங்க எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.

கமரா ஏ.பி.எஸ்.சி (நடுத்தர அளவு) சென்சர், 24 மெகாபிக்சல். லென்ஸ் 18-55 மி.மீ (அப்பேச்சர், அதாவது லென்ஸ் துவாரம், எஃப் 3.5-5.6; எஃப் நம்பர் கூடினா துவாரம் சின்னன்), மற்றது 50 மி.மீ எஃப் 1.8. மனுவல் பிளாஷ் ரெண்டு, பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்புற குடை ரெண்டு, ட்ரைபொட் ஒண்டு இருக்கு.

படம் 1: ஏ.எல் வகுப்புப் படம், 97 பேர், ஐந்து வரிசை. கடைசி ரெண்டு வரிசையும் வாங்கிலயும் மேசையிலயும் ஏறி நிக்கினம். மாமர நிழல். 18 மி.மீ, எஃப் 3.5, ஷட்டர் 1/60 செக்கன், ஐ.எஸ்.ஓ (சென்சரின்ர ஒளி உணர்திறன்) 100. முன்வரிசைக்கு 8.5 மீற்றர். கமரா ட்ரைபொட்டில. கடைசி ரெண்டு வரிசை மங்கல், ரெண்டு கரையிலயும் நிக்கிற ஆக்களும் மங்கல்.

படம் 2: கலியாண மண்டபம், மணவறைக்கு முன்னால 13 பேர், மூண்டு வரிசை. 50 மி.மீ, எஃப் 1.8, 1/60, ஐ.எஸ்.ஓ 800, 7 மீற்றர். பொம்பிளை மாப்பிளை கிளியர். பின்னால நிக்கிற மாமா மாமிமார் மங்கல்.

வாற வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில 120 பிள்ளையள், 18 ரீச்சர்மார். காலமை 7.45க்கு அரை மணித்தியாலம் தரினம். 12க்கு 18 அங்குலம் பிரிண்ட் போட்டு லமினேற் பண்ணிக் குடுக்க வேணும். எஃப் 22 வைச்சா முன்னுக்குப் பின்னுக்கு எல்லாம் கிளியராகும் எண்டு சொல்லினம். சரியோ?


பனங்கூடல்:

தம்பி, எஃப் 22 வேண்டாம். உங்கட ரெண்டு படத்திலயும் மங்கல் ஒரே மாதிரித் தெரிஞ்சாலும் வருத்தம் வேற வேற, மருந்தும் வேற.

அப்பேச்சரில கை வைக்க முதல் படத்தைக் கொம்பியூட்டரில 100 வீதத்துக்குப் பெருப்பிச்சு, மங்கல் எந்த மாதிரி எண்டு பாருங்கோ. முகத்தில கண்ணும் பொட்டும் ஒரு பக்கமா இழுபட்டிருந்தா அது ஆள் அசைஞ்சது. முழுப் படமும், பின்னால இருக்கிற சுவர், யன்னல் உட்பட, ஒரே திசையில இழுபட்டிருந்தா கமரா அசைஞ்சது. ஒரு இழுவையும் இல்லாம வட்டமா, பஞ்சு மாதிரி மங்கியிருந்தா போக்கஸ் அந்த இடத்தில இல்லை. அப்ப வேற எங்கயோ கூர் விழுந்திருக்கும், முன்னால நிலத்தில புல்லு, கல்லு, இல்லாட்டிப் பின்சுவர், தேடிப் பிடியுங்கோ. நடு நல்லா இருந்து கரைகள் மட்டும் கரைஞ்சிருந்தா லென்ஸ். இந்த நாலையும் பிரிச்சறியாம எஃப் நம்பரை மட்டும் மாத்திக்கொண்டிருந்தா பிழை போகாது.

இப்ப கணக்குக்கு வருவம். போனில இருக்கிற டெப்த் ஒஃப் ஃபீல்ட் (முன்னுக்குப் பின்னுக்குத் தெளிவா விழுற ஆழம்) ஆப்புகள் 8க்கு 10 அங்குலப் படத்தைக் கைக்கெட்டின தூரத்தில பிடிச்சுப் பார்க்கிற ஆளுக்காகக் கணக்குப் போடுறவை. குறூப் படத்தை ஒருத்தரும் அப்பிடிப் பார்க்கிறேல்லை. தன்ர முகத்தைத் தேடிக் கிட்ட கொண்டுபோய்த்தான் பார்ப்பினம். அதால, தெளிவு எண்டு ஒத்துக்கொள்ளுற மங்கல் வட்டத்தின்ர அளவைப் பாதியாக்கி, 0.019 மி.மீக்குப் பதிலா 0.0095 வைச்சுத்தான் கீழ இருக்கிற எல்லாக் கணக்கும். ஆப்பில அந்த வசதி இல்லாட்டி, ரெண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் ரெண்டு மடங்கு) திறந்த நம்பரைப் போட்டுப் பாருங்கோ. எஃப் 8ல எடுக்கப் போறியள் எண்டா எஃப் 4க்கு என்ன காட்டுது எண்டு பாருங்கோ, அது சரியா வரும்.

படம் 1: 18 மி.மீ, எஃப் 3.5, போக்கஸ் 8.5 மீற்றரில. இந்தக் கடுமையான அளவிலயே 4.5 மீற்றரில இருந்து 60 மீற்றர் தாண்டியும் தெளிவாய் இருக்க வேணும். உங்கட கடைசி வரிசை முன்வரிசையில இருந்து மூண்டு மீற்றர்கூட இல்லை. ஆகவே பின்வரிசை மங்கினதுக்கும் அப்பேச்சருக்கும் சம்பந்தம் இல்லை. போக்கஸ் எங்கயோ கிட்ட, மூண்டு மீற்றரில ஒரு பூச்சாடியில விழுந்திருந்தா தெளிவு 4.3 மீற்றரோட முடிஞ்சிருக்கும், அப்ப முன்வரிசையும் சேர்ந்தெல்லோ மங்கும். முன்வரிசை நல்லா இருக்கு எண்டா போக்கஸ் சரிதான்.

பிறகு ஏன் பின்வரிசை? அவை வாங்கிலயும் மேசையிலயும் நிக்கினம். கதிரையில இருக்கிற ரீச்சர் அசையமாட்டா. ஒரு அடி அகல வாங்கில தோளோட தோள் உரஞ்சி நிக்கிற பிள்ளை அசையாம நிக்க ஏலாது. ஒருத்தன் காலை மாத்தினா அந்த வாங்கில நிக்கிற எல்லாரும் ஆடுவினம். உங்கட படத்தில 10.5 மீற்றர் அகலம் 6000 பிக்சலில விழுது, அதாவது ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 1.75 மி.மீ. தலை செக்கனுக்கு 30 செ.மீ வேகத்தில ஆடினா 1/60ல 5 மி.மீ நகரும், அது மூண்டு பிக்சல். முகமே 85 பிக்சல் அகலம்தான். கண்ணில மூண்டு பிக்சல் இழுபட்டா கண்ணிமை போயிடும். அதே ஆட்டம் 1/250ல ஒரு பிக்சலுக்குள்ள அடங்கும். ட்ரைபொட் கமராவைத்தான் பிடிக்கும், வாங்கைப் பிடிக்காது.

கரையில நிக்கிற ஆக்கள் மங்கினது லென்ஸால. கிட் லென்ஸ் 18 மி.மீல முழுக்கத் திறந்தா ஓரம் பலவீனம். 24 மி.மீக்கு வந்து எஃப் 8க்கு மூடினா அதே லென்ஸ் வேற லென்ஸ் மாதிரி இருக்கும். எஃப் 8 வைக்கச் சொல்றது ஆழத்துக்கில்லை, அந்த ஓரத்துக்குத்தான்.

படம் 2தான் உண்மையான அப்பேச்சர் பிழை. 50 மி.மீ, எஃப் 1.8, 7 மீற்றர்: முன்னால 32 செ.மீ, பின்னால 35 செ.மீ, அவ்வளவுதான். மணமக்கள் கண்ணில போக்கஸ் வைச்சா ரெண்டாம் வரிசையே கரையிலதான் நிக்குது, மூண்டாம் வரிசை வெளிய. அதையே எஃப் 5.6க்கு மூடினா முன்னால 90 செ.மீ, பின்னால 1.2 மீற்றர் கிடைக்கும். அது காணும்.

எஃப் 22க்குப் போகாதேங்கோ. 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.சியில ஒரு பிக்சல் 4 மைக்ரோன் மட்டில. எஃப் 11 தாண்ட ஒளி சின்னத் துவாரத்தில வளைஞ்சு பரவத் தொடங்கும், எஃப் 22ல படம் முழுக்க ஒரு மெல்லிய துணி போட்ட மாதிரி வரும். அதோட எஃப் 8ல இருந்து மூண்டு ஸ்டொப் லைற் போகுது. 1/250 எண்டது 1/30 ஆகும். திரும்ப வாங்கு ஆட்டத்திலதான் போய் நிப்பியள்.


பழைய_ஸ்ரூடியோ:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் 138 பேரை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் படம் எடுப்பது என்றால் பாதி வேலை கமராவைத் தொட முதலே முடிந்திருக்க வேண்டும்.

வரிசை இப்படிப் போடலாம். நிலத்தில் பாயில் 20 பிள்ளைகள். அடுத்தது 18 கதிரை, ரீச்சர்மார். பின்னால் நான்கு வரிசை, வரிசைக்கு 25 பேர். கதிரை ஒன்றுக்கு 55 செ.மீ என்றால் 18 கதிரைக்கு 10 மீற்றர். நிற்பவர்களை நேராக நிறுத்தினால் ஆளுக்கு அரை மீற்றர் வேண்டும். உடம்பைச் சற்றுத் திருப்பி, ஒரு தோள் பக்கத்து ஆளின் தோளுக்குப் பின்னால் போகிற மாதிரி நிறுத்தினால் 42 செ.மீ போதும். 25 பேர் 10.5 மீற்றருக்குள் அடங்குவார்கள். எல்லா வரிசையும் ஒரே அகலமாக வரும்.

நிற்கிற நான்கு வரிசையையும் வாங்கு, மேசை என்று அடுக்க வேண்டாம். கடைசி வரிசைக்கு மேசைக்கு மேல் வாங்கு வைக்க வேண்டி வரும், அது ஆபத்து. பள்ளிக்கூட மண்டபத்துக்குப் படிக்கட்டு இருந்தால் அதைப் பிடியுங்கள். படி ஒன்று சுமார் 15 செ.மீ உயரம், 30 செ.மீ அகலம். ஒரு வரிசைக்கு இரண்டு படி விட்டால் 30 செ.மீ உயரமும் 60 செ.மீ ஆழமும் கிடைக்கும். முகம் மறையாது, ஆட்டமும் இல்லை. வாங்குதான் கதி என்றால் ஒரு வரிசைக்கு மட்டும் வையுங்கள். நுனியில் யாரும் நிற்கக் கூடாது, வாங்கு மறுபக்கம் எழும்பிவிடும். கால் ஆடுகிற வாங்கைப் படம் எடுக்க முதலே ஒதுக்கிவிடுங்கள்.

நிற்கிற முதல் வரிசை கதிரையின் முதுகில் வயிறு முட்டுகிற அளவுக்குக் கிட்ட நிற்க வேண்டும். பொதுவாக ரீச்சர்மாருக்கு மரியாதை என்று ஒரு மீற்றர் தள்ளி நிற்பார்கள். ஒவ்வொரு வரிசையிலும் 40 செ.மீ இப்படி வீணானால் ஆறு வரிசையில் இரண்டு மீற்றர் ஆழம் சும்மா கூடும். ஒவ்வொரு தலையும் முன்னால் இருக்கிற இரண்டு தலைக்கு நடுவில் வரட்டும். "உனக்குக் கமராக் கண்ணாடி தெரிகிறதா?" என்று கேளுங்கள். தெரியாத பிள்ளை படத்திலும் தெரியாது.

கமரா நெஞ்சுயரத்தில் இருக்கக் கூடாது. ஏணியிலோ உறுதியான மேசையிலோ ஏறி, லென்ஸ் 2.5 முதல் 3 மீற்றர் உயரத்தில் இருக்கட்டும், சற்றுக் கீழ்நோக்கி. முகம் மறையாமல் இருப்பதற்கு மட்டுமல்ல இது. கமராவைக் கீழே சாய்த்தால் போக்கஸ் விழுகிற தளமும் சாயும். அதன் மேற்பக்கம் பின்னால் போகும். உங்கள் வரிசைகளும் பின்னால் போகப் போக உயர்ந்துகொண்டுதான் போகின்றன. இரண்டு சாய்வும் ஒரே பக்கம் என்பதால் தேவையான ஆழம் குறையும். படிக்கட்டு இல்லாத இடத்தில் மேல்மாடி விறாந்தையில் நின்று, கீழே முற்றத்தில் எல்லோரையும் நெருக்கி நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லி எடுப்பது 200 பேருக்குக்கூடப் பொருந்தும்.

வெளிச்சம்: 7.45க்கு வெயில் கிழக்கில் பதிவாக நிற்கும். கிழக்கே பார்க்க நிறுத்தினால் 120 பிள்ளைகளும் கண்ணைச் சுருக்குவார்கள். கட்டடத்தின் மேற்குப் பக்க நிழல்தான் நல்லது. நிழலின் எல்லை கடைசி ஆளையும் தாண்டி இரண்டு மீற்றர் போக வேண்டும், அரை மணித்தியாலத்தில் அது நகரும். மரநிழல் வேண்டவே வேண்டாம். வேம்போ மாமரமோ, இலைக்கு நடுவால் விழுகிற வெயில் பொட்டு ஒரு முகத்தை வெள்ளையாக்கி அடுத்த முகத்தைக் கறுப்பாக்கும், அதை எந்தச் சொப்ட்வெயரிலும் சரியாக்க முடியாது. மத்தியானம் எடுக்கச் சொன்னால், விசேடமாக ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு நேரே வரும், கண்குழி எல்லாம் கறுப்பாகத்தான் விழும்.

சோளகம் வீசுகிற காலம் என்றால் ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கமராப் பையை அதில் கொழுவிவிடுங்கள். சேலைத் தலைப்பை முன்னால் எடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.


கோண்டாவில்_கிளிக்:

பெரிய நன்றி. படம் 1ஐப் பெருப்பிச்சுப் பார்த்தன். பின்வரிசையில பொட்டெல்லாம் கிடையா இழுபட்டிருக்கு, பின்சுவர் யன்னல் கம்பி கூராய் இருக்கு. அப்ப அசைவுதான்.

இன்னும் மூண்டு கேள்வி. ஆறு வரிசையில எந்த வரிசையில போக்கஸ் வைக்கிறது? மூண்டில ஒரு பங்கு உள்ளுக்கு எண்டு சொல்லினம். வரிசையை வில்லு மாதிரி வளைச்சு, கரையில நிக்கிற ஆக்களை முன்னால எடுத்தா கரையும் கிளியராகும் எண்டுறது சரியோ? மண்டபத்தில எஃப் 5.6 வைச்சா இருட்டாப் போகுமே, என்ன செய்யிறது?


நீர்வேலி_நிழல்:

மூண்டில ஒரு பங்கு எண்டது எல்லா இடத்துக்கும் பொருந்துற விதியில்லை. ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தில (அங்க போக்கஸ் வைச்சா கண்ணுக்கெட்டின தூரம் வரை தெளிவா வாற தூரம்) சரியா மூண்டில ஒரு பங்கில போக்கஸ் வைக்கேக்க மட்டும்தான் முன்னால ஒரு பங்கு, பின்னால ரெண்டு பங்கு வரும். கிட்ட வரவர அது பாதிக்குப் பாதியாகும். உங்கட கலியாணப் படத்தில எஃப் 5.6ல முன்னால 43 வீதம், பின்னால 57 வீதம்.

இதைவிட எளிய வழி இருக்கு. முன்வரிசைத் தூரத்தையும் பின்வரிசைத் தூரத்தையும் பெருக்கி, ரெண்டால பெருக்கி, ரெண்டின்ர கூட்டுத்தொகையால பிரியுங்கோ. வியாழக்கிழமைப் படம் 24 மி.மீல, ரெண்டு கரையிலயும் ஒவ்வொரு மீற்றர் விட்டு 12.5 மீற்றர் அகலம் பிடிக்க ஏறக்குறைய 13 மீற்றர் தள்ளி நிக்க வேணும். முன்வரிசை 12.5, பின்வரிசை 15.5 எண்டு வைச்சா விடை 13.8. முன்வரிசையில இருந்து 1.3 மீற்றர் உள்ளுக்கு, அதாவது மூண்டாம் வரிசை, கதிரைக்குப் பின்னால நிக்கிற பிள்ளையள். கலியாணப் படத்துக்கு 7, 8.2 எண்டா 7.55, ரெண்டாம் வரிசை.

மூண்டாம் வரிசையில நடுவில நிக்கிற, கண்ணாடி போட்ட ஒரு பிள்ளையைப் பிடியுங்கோ. கண்ணாடிச் சட்டம் மாதிரி ஓட்டோபோக்கசுக்கு வாய்ப்பான விளிம்பு வேற இல்லை. வெள்ளைச் சீருடையில வைச்சா பிடிக்க ஒண்டும் இல்லாம முன்னும் பின்னும் ஓடும். கமரா தானாப் புள்ளி தெரியிற முறையை நிப்பாட்டி ஒற்றைப் புள்ளி போடுங்கோ. கரையில நிக்கிற ஆளில பிடிச்சிட்டு நடுவுக்குத் திருப்பாதேங்கோ: 25 பாகை திருப்பினா 7 மீற்றர் எண்டது 7.7 ஆகும், போக்கஸ் 70 செ.மீ பின்னால போயிடும்.

பிடிச்ச உடன லென்ஸை மனுவலுக்கு மாத்துங்கோ. லைவ்வியூவில (கமராவின்ர பின்திரையில) 10 மடங்கு பெருப்பிச்சு, முதல் வரிசை ஒரு முகம், கடைசி வரிசை ஒரு முகம், ரெண்டு கரை, நாலையும் பாருங்கோ. அதுக்குப் பிறகு சூம் வளையத்தைத் தொடாதேங்கோ, தொட்டா போக்கசைத் திரும்பப் பிடிக்க வேணும்.

வில்லு விசயத்தில கனபேர் தடுமாறுகினம். கமராவில இருந்து எல்லாரும் ஒரே தூரத்தில நிக்க வேணும் எண்டு நினைச்சுத்தான் வளைக்கினம். ஆனா நல்ல லென்ஸ் போக்கஸ் பண்றது ஒரு தட்டையான தளத்தில, சுவர் மாதிரி; உருண்டையில இல்லை. அப்பிடியான லென்ஸுக்கு நேரான வரிசைதான் சரி, கூட வளைச்சா கரையில நிக்கிற ஆக்கள் தளத்தை விட்டு முன்னால வந்திடுவினம். மறுபக்கம், மலிவான சூம்கள் சிலதில அந்தத் தளமே உள்நோக்கி வளைஞ்சிருக்கும், அதுக்குக் கொஞ்ச வளைவு உதவும். உங்கட லென்ஸ் எந்த வகை எண்டு நீங்கள்தான் பார்க்க வேணும்.

பார்க்கிற விதம்: கல்லும் மண்ணுமா இருக்கிற மைதானத்தில ட்ரைபொட்டை வைச்சு, 24 மி.மீ, அப்பேச்சர் முழுக்கத் திறந்து, கமராவைக் கீழ சாய்ச்சு, நாலைஞ்சு மீற்றரில நடுவில போக்கஸ் பண்ணி எடுங்கோ. படத்தில ஒரு பட்டைக்குள்ள மட்டும் கல்லுகள் கூராய் இருக்கும். அந்தப் பட்டை நேரா இருந்தா தளம் தட்டை. ரெண்டு நுனியும் கமராப் பக்கம் வளைஞ்சிருந்தா வரிசையையும் அந்தப் பக்கம் கொஞ்சம் வளைக்கலாம். பட்டை சரிவா, ஒரு பக்கம் கிட்டவும் மற்றப் பக்கம் தூரவுமா கிடந்தா கமரா சாஞ்சிருக்கு, இல்லாட்டி லென்ஸ் நடு விலகியிருக்கு.


மணற்காடு:

மண்டபம் பற்றி நான் சொல்றன். எஃப் 1.8ல இருந்து 5.6க்குப் போறது மூண்டே கால் ஸ்டொப்புக்கும் கூட. அதை ஐ.எஸ்.ஓவால மட்டும் ஈடுசெய்யப் பார்த்தா 8000 தாண்டும், முகத்தில நொய்ஸை (புள்ளி புள்ளியா விழுற கறையை) அழிக்கிற வேலையில கமராவே கண்ணிமையையும் அழிச்சிடும். பிளாஷ் போடத்தான் வேணும்.

மேல் கூரைக்கு அடிச்சுத் தெறிக்க வைக்கிறது எங்கட மண்டபங்களில சரிவராது. கூரை கன உயரம், இல்லாட்டிச் சிவப்பு மஞ்சள் துணி கட்டியிருப்பினம், அந்த நிறம் எல்லார் முகத்திலயும் வரும். ரெண்டு குடையையும் ஸ்ராண்டில 2.5 மீற்றர் உயரத்துக்கு மேல, கமராவுக்கு ரெண்டு பக்கமும், மணமக்களில இருந்து 5 மீற்றர் தள்ளி வையுங்கோ. இடப்பக்கக் குடை வலப்பக்கக் கடைசி ஆளைப் பார்க்கட்டும், வலது இடதைப் பார்க்கட்டும். குறுக்கா அடிச்சா கிட்ட நிக்கிற ஆள் வெளிறமாட்டார்.

தூரம் முக்கியம். பிளாஷ் 5 மீற்றரில இருந்தா 1.2 மீற்றர் பின்னால நிக்கிற வரிசைக்கு 65 வீத வெளிச்சம் போகும். நல்லா இருக்கட்டும் எண்டு 2.5 மீற்றருக்குக் கொண்டுவந்தா 46 வீதம்தான், பின்வரிசை ஒரு ஸ்டொப்புக்கு மேல கறுக்கும். கறுத்த முகத்தைப் பிறகு ஏத்தினா நொய்ஸ் வரும், அதையும் பார்க்கிற ஆக்கள் மங்கல் எண்டுதான் சொல்லுவினம்.

தொடக்கம்: எஃப் 5.6, 1/100, ஐ.எஸ்.ஓ 800, பிளாஷ் ஒவ்வொண்டும் 1/4 வலு. 35 மி.மீ சூமில கைட் நம்பர் (பிளாஷின்ர வலு அளவு) 39 மட்டில உள்ள பிளாஷுக்கு இது காணும், கூடினா 1/8. பின்னால மணவறை கறுத்துப்போனா 1/50க்கு இறங்குங்கோ. முகத்தைப் பிளாஷ்தான் பிடிக்குது எண்டபடியால அசைவு பெரிசாத் தெரியாது.

1/125 வைக்காம 1/100, 1/50 எண்டு சொல்றதுக்குக் காரணம் எங்கட மின்சாரம் 50 ஹேட்ஸ். மலிவான எல்.ஈ.டி லைற்றுகள் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். 1/100 எண்டா ஒரு முழுச் சுற்று, 1/50 எண்டா ரெண்டு. இடையில வேற எண் வைச்சா படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், சிலவேளை குறுக்கா இருட்டுப் பட்டையும் விழும்.


அராலி_றோட்:

கமரா இல்லாம போனால எடுக்கிற ஆக்களுக்கு?


பனங்கூடல்:

போனின்ர சென்சர் சின்னன், ஆழம் பிரச்சினையே இல்லை. 1x லென்ஸில எடுங்கோ. 0.5x போட்டா கரையில நிக்கிற ஆக்களின்ர தலை இழுபட்டுப் பெருக்கும், தெளிவும் குறைவு. போர்ட்ரெயிட் மோட் போடவே கூடாது: அது பின்வரிசையைப் பின்னணி எண்டு நினைச்சுத் தானே மங்கலாக்கிப்போடும். லென்ஸைத் துணியால துடைச்சு, எங்கயாவது சாத்தி வைச்சு, 3 செக்கன் ரைமர்.

கோண்டாவில்_கிளிக், வியாழக்கிழமைக்கு: 24 மி.மீ, எஃப் 8, 1/250, ஐ.எஸ்.ஓ 400. கட்டட நிழலுக்கு இது ஏறக்குறையச் சரியா வரும். ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டுற வரைபு) பார்த்து ஐ.எஸ்.ஓவை மட்டும் மாத்துங்கோ. இருட்டா இருந்தா ஐ.எஸ்.ஓ 800க்குப் போங்கோ, அதுவும் காணாட்டி எஃப் 5.6க்கு வாங்கோ. 13.8 மீற்றரில போக்கஸ் இருக்கேக்க எஃப் 5.6லயும் ஆறு மீற்றரில இருந்து கடைசி வரை தெளிவுதான். ஷட்டரை மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ.

கண் மூடுறதும் ஒரு கணக்கு. ஒஸ்ரேலியாவில சி.எஸ்.ஐ.ஆர்.ஓ எண்ட அரச ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்சும் இதை ஆராய்ஞ்சு 2006ல இக் நோபல் (பகிடியா இருந்தாலும் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்குக் குடுக்கிற) பரிசு எடுத்தவை. 20 பேருக்குக் குறைஞ்ச குறூப்பில, நல்ல வெளிச்சத்தில, ஆக்களின்ர எண்ணிக்கையை மூண்டால பிரிச்சு வாற அளவு படம் எடுத்தா அநேகமா ஒண்டிலயாவது ஒருத்தரும் கண் மூடியிருக்கமாட்டினம். 138 பேருக்கு அந்த வழி சரிவராது, ஒரே படத்தில எல்லார் கண்ணும் திறந்திருக்கும் எண்டு எதிர்பார்க்கக் கூடாது. அதால ட்ரைபொட்டை அசைக்காம 12 படமாவது எடுங்கோ. பிறகு ஒரு நல்ல படத்தில மற்றப் படங்களில இருந்து கண் திறந்த முகங்களை எடுத்து ஒட்டலாம். கமரா ஒரே இடத்தில, வெளிச்சம் ஒரே அளவில இருந்தா அது பத்து நிமிச வேலை.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ, மூண்டு எண்டதும் திறவுங்கோ" எண்டு சொல்லி, மூண்டு எண்டு அரைச் செக்கன் கழிச்சு நாலு படம் தொடர்ந்து. மூண்டு எண்ட உடன அமத்தினா பாதிப் பேர் இமையைத் திறந்துகொண்டிருப்பினம். இப்பிடி மூண்டு தரம். ரிமோட்டால அமத்துங்கோ, ஏணியில நிண்டு கையால அமத்தினா ஏணியும் ஆடும். லென்ஸில ஸ்ரெபிலைசர் (கை ஆட்டத்தை ஈடுசெய்யிற வசதி) இருந்தா ட்ரைபொட்டில நிப்பாட்டிவிடுங்கோ.


கோண்டாவில்_கிளிக்:

மைதானத்தில கல்லு ரெஸ்ற் செய்து பார்த்தன். பட்டை வளையேல்லை, நேர். ஆனா சரிவாக் கிடக்குது. இடப்பக்கம் எப்பவும் கொஞ்சம் மங்கல். லென்ஸ் பழுதோ, கமரா சாஞ்சதோ?


நீர்வேலி_நிழல்:

பிரிச்சறிய ஒரு வழி. செங்கல் தெரியிற சுவர், இல்லாட்டிப் பத்திரிகைத் தாள் ஒட்டின சுவர் ஒண்டுக்கு நேரா, 24 மி.மீ, எஃப் 4ல ஒரு படம் எடுங்கோ. பிறகு கமராவைத் தலைகீழாத் திருப்பி, அதே இடத்தில, அதே சுவரைத் திரும்பப் போக்கஸ் பண்ணி எடுங்கோ. ரெண்டாவது படத்தைக் கொம்பியூட்டரில நிமித்திப் பாருங்கோ. மங்கல் சுவரின்ர அதே பக்கத்தில இருந்தா கமரா சுவருக்கு நேரா நிக்கேல்லை. மங்கல் மற்றப் பக்கத்துக்கு மாறியிருந்தா அது லென்ஸோட வந்தது, கண்ணாடி நடு விலகியிருக்கு.

லென்ஸ்தான் எண்டா வியாழக்கிழமைக்குள்ள திருத்த ஏலாது, ஆனா சமாளிக்கலாம். எஃப் 8க்குக் குறையாதேங்கோ. இன்னும் ஒரு மீற்றர் பின்னால போய், கடைசி ஆளுக்கும் படத்தின்ர இடக்கரைக்கும் இடையில அகலத்தில எட்டில ஒரு பங்கு வெறுமையா விடுங்கோ, வலப்பக்கம் வழமை மாதிரி. பிரிண்டுக்கு வெட்டேக்க அந்தக் கரை போயிடும்.